பர்ட்டன் மேடையை விட்டு ஓடியவர் அல்ல

கேள்வி: ஏழு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூட வாங்காதவர் ரிச்சர்ட் பர்ட்டன். மேடையைக் கைவிட்டு, ஹாலிவுட் பணம், குடி, நடிகை எலிசபெத் டெய்லர் என்றே வாழ்க்கையை முடித்துக்கொண்டார். சென்ற இதழில் அவரை மாபெரும் நடிகர் என்று எழுதியது மிகைதானே? (ஒரு வாசகர், கோவை)

பதில்: மிகை இல்லை. இன்னும் அழுத்தமாக எழுதியிருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மேடையைக் கைவிட்டார் என்கிறீர்கள். எப்போது? டெய்லரோடு அவர் நடித்த ‘கிளியோபாட்ரா’ படம் 1963-ல் வெளிவந்தது. பர்ட்டன்-டெய்லர் காதல் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இருந்த நேரம் அது. வாய்க்கு வந்த சம்பளம் கேட்டிருக்கலாம், தயாரிப்பாளர்கள் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான், 1964-ல், நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நின்றார். ராஜ உடை இல்லை, அரண்மனை செட் இல்லை. ஒத்திகைக்கு வந்த நடிகர்கள் போல எல்லோரும் சாதாரண உடையில் நடித்தார்கள். இயக்கியவர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் புகழ்பெற்ற ஆங்கில நடிகர் ஜான் கீல்குட். அந்த நாடகம் 137 முறை நடந்தது. 1936-ல் தொடங்கி அதே பிராட்வேயில் கீல்குட் ஹாம்லெட்டாக நடித்துப் படைத்த சாதனையை, அவர் இயக்கத்திலேயே பர்ட்டன் முறியடித்தார். 1966-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களோடு ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்தில் நடித்தார். அதற்கு அவரும் டெய்லரும் ஒரு காசு வாங்கவில்லை. 1976-ல் ‘ஈக்வஸ்’ நாடகத்துக்காக மறுபடி பிராட்வே வந்தார். நீங்கள் எண்ணிச் சொன்ன ஏழு பரிந்துரைகளில் கடைசி, அதே பாத்திரத்தைத் திரையில் செய்ததற்குக் கிடைத்தது.

சரி, குடி. அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. உடம்பைக் கெடுத்தது, 1970-களில் பல படங்களைக் கெடுத்தது. அந்தப் பத்தாண்டில் அவர் ஒப்புக்கொண்ட சில படங்களை என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. 1984-ல் 58 வயதில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக அவரை யாரும் மேடையில் பார்க்கவில்லை. அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் செய்யாமல் போனதை வைத்துக்கொண்டு, செய்ததை எல்லாம் அழித்துவிடுவது என்ன நியாயம்?

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தெற்கு வேல்ஸில் பான்ட்ரீடவென் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு 13 பிள்ளைகளில் 12-ஆவதாக 1925-ல் பிறந்தவர். இரண்டு வயது முடியும் முன்பே அம்மா இறந்துவிட்டார். போர்ட் டால்பட்டில் அக்கா செசிலியாதான் எடுத்து வளர்த்தார். வீட்டில் பேசியது வெல்ஷ். ஆங்கிலம் பிறகு வந்தது. பள்ளி ஆசிரியர் ஃபிலிப் பர்ட்டன் இந்தப் பையனைத் தத்தெடுக்க நினைத்தார். அதற்குச் சட்டம் கேட்ட வயது வித்தியாசம் சில நாட்கள் குறைந்ததால் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. பையன் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டான். குன்றின் மேல் பையனை ஷேக்ஸ்பியர் வரிகளைச் சொல்லவைத்து, ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவாராம். கத்தக் கூடாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். 1954-ல் பிபிசி வானொலியில் வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ நாடகம் ஒலிபரப்பானபோது கதை சொல்லும் முதல் குரல் அவருடையது. அந்தப் பயிற்சி அதில் முழுசாகத் தெரிகிறது. அதே பருவத்தில்தான் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஹாம்லெட்டும் கொரியோலேனஸும் நடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், ஆஸ்கர். ‘ஹூ இஸ் அஃப்ரைட் ஆஃப் வர்ஜீனியா வூல்ஃப்’ படத்துக்காக 1966-ஆம் ஆண்டின் பரிந்துரையில் அவர் தோற்றது ஆங்கில நடிகர் பால் ஸ்கோஃபீல்டிடம். ஸ்கோஃபீல்டிடம் தோற்பது எந்த நடிகனுக்கும் இழுக்கில்லை. அந்தப் படத்தில் பர்ட்டன் செய்திருப்பதைக் கவனியுங்கள். அரங்கையே நிறைக்கும் அந்தக் குரலை அடக்கி, தோற்றுப்போன ஒரு வரலாற்றுப் பேராசிரியராக, மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். மனைவியாக நடிக்கும் டெய்லர் கத்தக் கத்த இவர் தணிந்துகொண்டே போவார். டெய்லருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் இவர் விட்டுக்கொடுத்த இடத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பிராட்வே ஹாம்லெட்டைப் படம்பிடித்துச் சில நாட்கள் மட்டும் தியேட்டர்களில் காட்டினார்கள். பிறகு பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. பர்ட்டனிடம் தங்கிவிட்ட ஒரு பிரதி அவர் மறைவுக்குப் பிறகு கிடைத்தது. இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை முழுதாகப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் மிகை என்று சொன்னால், உங்கள் கடிதத்தை அப்படியே இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.