இயற்பியல் குழுவில் பாடம் எடுக்கும் மகளைத் தடுக்கலாமா?

ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு, சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடுக்க வேண்டாம். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை, காலாண்டில் இயற்பியலில் 70-க்கு 38 வாங்கியவள், ராத்திரி ஏழரை ஆனால் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஆன்லைன் குழுவில் எங்கெங்கோ இருக்கிற ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள், "நம்ம வீட்டு அடுப்பே எரியலையாம், இவ ஊருக்குச் சோறாக்கப் போறா" என்று அவள் அப்பா தினமும் சத்தம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு பாடத்தில் மட்டும் அவர் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

மார்க்கைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் பயம் அங்கேதான் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது இயற்பியலில் கூடுகிற ஒவ்வொரு 2 மார்க்கும் கட்-ஆஃபில் 1. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்த 30 மார்க் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் வந்துவிடும், அதனால் பாப்பாவின் போராட்டம் முழுக்க அந்த 70-க்குள்தான். 38 என்பதை 58 ஆக்கினால் கட்-ஆஃப் 10 கூடும். நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பத்து மார்க்கில் தரவரிசை ஆயிரக்கணக்கில் மாறும், கல்லூரியே மாறும். காலாண்டிலேயே இது தெரிந்தது நல்லதுதான், திருத்த மாதங்கள் இருக்கின்றன.

சரி, ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தினால் ப்ளஸ் டூ மார்க் எப்படி ஏறும்? இதுதானே உங்கள் கேள்வி. இயற்பியல் புத்தகம் இரண்டு வருடமாகப் பிரித்து அச்சடிக்கப்பட்டிருக்கிறதே தவிர, பாடம் ஒன்றுதான். போன வருடம் ஈர்ப்பியலில், விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று படித்ததுதான் இந்த வருடம் நிலை மின்னியலில் கூலூம் விதியாக வந்து நிற்கிறது. போன வருட வட்ட இயக்கமும் மையநோக்கு விசையும் தெரியாத பிள்ளைக்கு, காந்தப்புலத்தில் மின்துகள் ஏன் வட்டமடிக்கிறது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் மனப்பாடமாகத்தான் நிற்கும். அலைவுகள் பாடத்தில் சுருள்வில்லில் தொங்கும் நிறை ஆடியதே, அதே கணக்குதான் மாறுதிசை மின்னோட்டப் பாடத்தில் மின்தேக்கியும் மின்தூண்டியும் சேர்ந்த சுற்றில் வேறு எழுத்துகளோடு வருகிறது. என்னிடம் வரும் ப்ளஸ் டூ பிள்ளைகளில் "பிசிக்ஸ் வரலை" என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் ஓட்டை ப்ளஸ் ஒன்னில்தான் இருக்கும். உங்கள் பெண் யாரும் சொல்லாமலேயே அந்த ஓட்டையைத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் காசில்லாமல். நீட் எழுதுகிற யோசனை இருந்தால் இன்னும் நல்லது, அங்கே இயற்பியலின் 45 கேள்விகள் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வரும்.

இன்னொன்று. தானாகப் படிக்கும்போது "இது தெரியும்" என்று நாம் தாண்டிப் போகிற இடத்தில்தான், சொல்லிக்கொடுக்கும்போது வாய் நின்றுவிடும். எதிரே இருக்கிற பிள்ளை "ஏங்க்கா அப்படி?" என்று கேட்டுவிடுமே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் என்ற பேராசிரியர், தன் மாணவர்கள் பெரிய பெரிய கணக்கெல்லாம் போட்டுவிட்டு, கனமான லாரியும் சின்ன காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை கொடுக்கும் என்பது போன்ற எளிய கேள்வியில் தடுமாறுவதைக் கவனித்தார். 1991 வாக்கில் வகுப்பையே மாற்றிவிட்டார். ஒரு கேள்வி போடுவார், எல்லோரும் தனித்தனியாக விடை சொல்ல வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், அப்புறம் மறுபடி விடை. இவர் எவ்வளவு விளக்கியும் ஏறாதது பக்கத்து மாணவன் இரண்டு நிமிடம் பேசினால் ஏறிவிடுகிறது. இப்போதுதான் புரிந்துகொண்டவனுக்கு எந்த இடத்தில் குழம்பும் என்பது நினைவிருக்கிறது, பேராசிரியருக்கு அது மறந்தே போய்விட்டது என்று அவரே காரணம் சொல்கிறார். அந்த லாரி கேள்வியை இன்று ராத்திரி பாப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்கல் லோடு லாரியும் மாருதி காரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கொடுப்பது சம விசைதான், கார் நொறுங்குவது அதன் நிறை குறைவு என்பதாலும் உடல் மெலிது என்பதாலும். "நியூட்டன் மூன்றாம் விதி" என்று ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர் இதில் லாரி பக்கம்தான் கையைத் தூக்குவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த மாதிரிக் குழுக்களில் எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழுக்கள் குப்பை. பேர் மட்டும் பெரிசாக இருக்கும், உள்ளே போனால் நாள் முழுக்க பிடிஎஃப் பரிமாற்றம், "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்" என்று ஒரு பட்டியல், நடுநடுவே ஸ்டிக்கர். அதில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. இன்னொரு வகையில் ஒரே ஒரு பையன் மட்டும் 40 நிமிடமும் பேசுவான், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு இன்ஸ்டாகிராம் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் நேரம் செலவழிப்பதற்குப் பேசாமல் தூங்கலாம்.

இதைவிட மோசமானது, தவறான விஷயத்தைத் தைரியமாகச் சொல்வது. வளைவில் பஸ் திரும்பும்போது நம்மை ஏதோ ஒரு விசை வெளியே தள்ளுகிறது என்று ஒரு ப்ளஸ் டூ அண்ணன் சொன்னால், ப்ளஸ் ஒன் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். உண்மையில் பஸ் திரும்பும்போது நம் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இது இடுப்பிலேயே தெரிந்த பாடம். பஸ்ஸோடு சேர்ந்து சுழலும் பார்வையிலிருந்து பார்த்தால் மையவிலக்கு விசை என்று ஒன்றைச் சேர்த்துக் கணக்கிடலாம், புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் எந்தப் பார்வையில் நின்று பேசுகிறோம் என்று சொல்லாமல் விட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இதைப் பிடித்துத் திருத்த அந்தக் குழுவில் ஒரு ஆள் இருக்கிறாரா? இதைத்தான் நீங்கள் பாப்பாவிடம் முதலில் கேட்க வேண்டும், போனைப் பிடுங்குவதற்கு முன்னால். பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் வாரத்துக்கு ஒரு முறை, "இந்த வாரம் எங்களுக்குச் சண்டை வந்த கேள்விகள்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு மறுப்புச் சொல்லவே மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். கான் அகாடமியை ஆரம்பித்த சல் கான் 2020-ல் தொடங்கிய ஸ்கூல்ஹவுஸ் என்ற இலவசத் தளத்திலும் மாணவர்கள்தான் மாணவர்களுக்கு ஜூமில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கேயும் வந்தவுடன் யாரையும் பாடம் எடுக்க விடுவதில்லை, அந்தப் பாடத்தில் தேறிக் காட்ட வேண்டும். உங்கள் பெண்ணின் குழுவுக்கும் அப்படி ஒரு வழக்கம் வேண்டும், எந்தப் பாடத்தை நடத்தப் போகிறாளோ அதன் பின்பக்கக் கணக்குகளைத் தானே போட்டு முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்று அவள் பாடம் கேட்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும்.

நடத்தும் முறையைப் பற்றி பாப்பாவுக்கே ஒரு வார்த்தை, இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். கண்ணு, டெரிவேஷனை வரிவரியாக வாசிக்காதே, அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு கேள்வியை வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பாகப் போடு. கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போ, கிட்டத்தட்ட எல்லோரும் தப்பு என்றால் நீ முதலிலிருந்து விளக்கு, பாதிப்பாதியாகப் பிரிந்தால்தான் விருந்து, அவர்களையே அடித்துக்கொள்ள விடு. கேள்விக்கு எங்கேயும் போக வேண்டாம். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், சேலம் 280 சொச்சம். பத்து டன் பஸ் ஒன்று கீழே இறங்கினால் அது இழக்கும் நிலை ஆற்றல் ஏறக்குறைய 12 கோடி ஜூல். அடிவாரத்தில் வந்து நிற்கும்போது அது எங்கே போனது? டிரைவர் ஏன் சின்ன கியரிலேயே இறக்குகிறார், பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? உங்கள் வீட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுமே, அப்படியானால் மூடி போடாத பாத்திரத்தில் சோறு சீக்கிரம் வேகுமா, தாமதமாகுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஓட்டு நிச்சயம் பிரியும், நான் பந்தயமே கட்டுகிறேன். மின்சுற்றுப் பாடத்துக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற இலவச உருவகப் பயிற்சிகள் இருக்கின்றன, பல்பும் பேட்டரியும் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம், ஆய்வகத்தில் கைக்குக் கிடைக்காததை அதில் பழகிக்கொள்ளலாம்.

மறுபடி அம்மாவிடம் வருகிறேன். சேலத்தில் ட்யூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு இடம் பார்த்து வைத்திருப்பதாகவும். அந்த ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும். பள்ளி விட்டு மலை இறங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஏறி, வீட்டுக்கு வந்து படுக்கிற பிள்ளை எப்போது கணக்குப் போடும்? இயற்பியல் மார்க் கணக்குப் போடுகிற நேரத்தில்தான் வருகிறது. கேள்வித்தாளில் இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் ஒவ்வொரு கட்டாய வினா வரும், அவை பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும், அங்கே மனப்பாடம் உதவாது. அந்தப் பஸ் நேரத்தைக் கணக்குக்குக் கொடுங்கள். அரையாண்டு விடுமுறையில் ஒரு பத்து நாள் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ட்யூஷன் போகட்டும், அது வேறு விஷயம், அதற்குப் பணம் செலவழிக்கலாம்.

போன் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டமாகப் பேசுவது மட்டும்தான், தனியாக மெசேஜ் கிடையாது, வீடியோ தேவையில்லை, நோட்டைப் படம் எடுத்துப் போட்டால் போதும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் குரல் மட்டும் வைத்துக்கொண்டால் டேட்டாவும் மிச்சம். கூடத்தில், உங்கள் காதில் விழுகிற இடத்தில் உட்காரட்டும். ஜூம் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் தானே அறுந்துவிடும், அதோடு அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துவிடுங்கள், மறு லிங்க் வேண்டாம். யாராவது தனியாகப் படம் கேட்டாலோ காசு கேட்டாலோ மிரட்டினாலோ திட்டாமல் கேளுங்கள், 1098-க்கும், பணம் போயிருந்தால் 1930-க்கும் உடனே கூப்பிடலாம். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். உங்களுக்கு இயற்பியல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், தெரிய வேண்டியதில்லை அக்கா. காது கொடுத்துக் கேளுங்கள்: அவள் குரல் கேட்கிறதா, நடுவில் "இரு, இது எனக்கே சரியாத் தெரியல, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்கிறாளா? அதைச் சொல்கிற பிள்ளையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது காசு விஷயம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் பொறியியலிலும் மருத்துவத்திலும் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு அவளுக்கு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றிதழ்களை இப்போதே பள்ளியில் கேட்டு வையுங்கள், நடுவில் பள்ளி மாறியிருந்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். அப்புறம், பொறியியல் மட்டும்தான் என்று பூட்டிவிடாதீர்கள். பேசிப் புரிய வைக்கிற கை அவளுக்கு இருந்தால் பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி முதுநிலை ஆசிரியராகப் போகிற வழியும் இருக்கிறது. நீண்ட வழி, போட்டியும் அதிகம். இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை, கலந்தாய்வு நேரத்தில் பேசலாம்.

ஒரே ஒரு கெடு வையுங்கள். பொங்கல் வரைக்கும் பாடம் எடுக்கட்டும், வாரத்துக்கு மூன்று நாள் போதும். செய்முறைத் தேர்வு பொதுவாக பிப்ரவரியில் வந்துவிடும், பொதுத்தேர்வு மார்ச். அதனால் பொங்கலுக்குப் பிறகு குழுவை இன்னொரு பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுத உட்காரட்டும். அரையாண்டு மார்க் வந்ததும் விடைத்தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எங்கே விடுகிறாள் என்று பார்த்துச் சொல்கிறேன். மார்க் ஷீட் மட்டும் போதாது, விடைத்தாள் வேண்டும்.