ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். ஒரு பவளம் மட்டும் ஏன் வாடுகிறது? (கேள்வி பதில்)

வணக்கம். தூத்துக்குடியில் பிறந்தேன், சிங்கப்பூரில் குடியிருக்கிறேன். பதினான்கு வருடமாக வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். இன்றைய கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி: சில பவளங்கள் செழிக்கின்றன, சில வாடுகின்றன, ஏன்? கேட்பவர்கள் தொட்டியின் அளவு, விளக்கு, டெஸ்ட் எண்கள் மூன்றையும் சொல்லுங்கள். மீன் நோய்க்கு நான் ஆளில்லை.

கேள்வி (உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்): அக்கா, 4 அடித் தொட்டி, 300 லிட்டர். ஒரே ஹாமர் பவளத்தை இரண்டாக வெட்டி இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வைத்தேன். இடது பக்கம் கொழுகொழுவென்று இருக்கிறது. வலது பக்கம் மூன்று வாரமாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆல்க் (தண்ணீரின் காரத்தன்மை, டிகேஎச் அளவில்) 8, கால்சியம் 420, மெக்னீசியம் 1320, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. என்ன பாட்டில் ஊற்றலாம்?

ஒன்றும் ஊற்றாதீர்கள். தம்பி, நீங்கள் தெரியாமலே அருமையான ஒரு சோதனை செய்திருக்கிறீர்கள். ஒரே உயிரின் இரண்டு துண்டுகள் ஒரே தண்ணீரில் இருக்கின்றன, ஒன்று நன்றாக இருக்கிறது. அப்படியானால் தண்ணீரைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. இடத்துக்கு இடம் மாறுவது எது என்று தேடுங்கள். வெளிச்சம், நீரோட்டம், பக்கத்து வீட்டுக்காரர், கடிக்கிற பூச்சி: இந்த நாலுதான் மாறும்.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பியுங்கள். 4 அடித் தொட்டிக்கு நடுவில் ஒரே ஒரு எல்இடி மாட்டியிருந்தால் ஓரங்கள் நாம் நினைப்பதைவிட மிகவும் மங்கல். நம் கண் அதைச் சரிக்கட்டிவிடும், பவளத்தால் முடியாது. என் பழைய தொட்டியில் நடுவில் 200 காட்டிய பார் மீட்டர் (பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) ஓரத்தில் 60 காட்டியது. ஹாமருக்கு 80 முதல் 150 வரை போதும். போன் செயலியை நம்பாதீர்கள், மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். குறைவு என்று தெரிந்தால் ஒரே நாளில் மேலே தூக்கி வைத்துவிடாதீர்கள். உள்ளே குடியிருக்கும் பாசிகளை அது வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். வாரத்துக்கு ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள்.

அடுத்தது ஓட்டம். மீன் தீனியைக் கொஞ்சம் கரைத்து ஊற்றிவிட்டு, துகள்கள் அந்த ஹாமரைக் கடக்கும்போது என்ன செய்கின்றன என்று பாருங்கள். நேராக அடித்துத் தள்ளினால் ஓட்டம் அதிகம். அங்கேயே படிந்தால் குறைவு. ஹாமரின் உணர்கொம்புகள் காற்றில் நெல் ஆடுவதுபோல இங்குமங்கும் அசைய வேண்டும், ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கக் கூடாது. கண்ணாடியில் மோதித் திரும்பும் ஓட்டம் பல சமயம் நேர் ஓட்டத்தைவிட மோசம்.

மூன்றாவது, அண்டைவீட்டார். பகலில் சாதுவாகத் தெரிகிற கேலக்ஸியா பவளம் இரவில் ஒரு சாண் தாண்டியும் கொடுக்கு நீட்டும். லெதர் பவளங்கள் பக்கத்துப் பவளத்தைத் தொடக்கூடத் தேவையில்லை. டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் கசியவிடும், அது ஓட்டம் போகிற திசையில் இருப்பவர்களுக்கு முதலில் போய்ச் சேரும். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

நாலாவது, கடிக்கிற பூச்சி. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு பாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி (ஈப்போ): எனக்கு நேர்மாறு. லெதர் பவளமும் காளான் பவளமும் சூப்பர். அக்ரோபோரா (கிளைவிடும் கல் பவளம்) மட்டும் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது. மூன்று செத்துவிட்டன. தொட்டி 200 லிட்டர்.

இங்கே கதை வேறு. உங்களிடம் ஒரே பவளம் இரண்டு இடத்தில் இல்லை, வேறு வேறு பவளங்கள் இருக்கின்றன. அப்போது தண்ணீரும் சந்தேகப் பட்டியலில் வரும். தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் தாங்கும் சக்தி ஒன்றல்ல. லெதருக்கு அக்ரோபோரா மாதிரிக் கல் எலும்புக்கூடு கிடையாது, ஆல்க் ஏறினாலும் இறங்கினாலும் அது கவலைப்படாது. அக்ரோபோரா தினமும் கல் கட்டுகிற உயிர். அதற்கு எண் எவ்வளவு என்பதைவிட எண் நிலையாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 7.5இல் நிற்கும் தொட்டியில் நன்றாக இருக்கும், 9இல் நிற்கும் தொட்டியிலும் நன்றாக இருக்கும். திங்கள் 7, வியாழன் 9.5 என்று ஆடும் தொட்டியில் அடியிலிருந்து உரியும்.

மூன்று நாள் எதுவும் சேர்க்காமல், தினமும் அதே நேரத்தில் ஆல்க் எடுங்கள். இறங்குவதை மூன்றால் வகுத்தால் உங்கள் தொட்டியின் ஒரு நாள் பசி தெரியும். அதை மட்டும் தினமும் ஈடுகட்டுங்கள். 100 லிட்டருக்குச் சுமார் 3 கிராம் சமையல் சோடா 1 டிகேஎச் ஏற்றும். பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கும். ஆல்க் 2.8 டிகேஎச் செலவானால் கால்சியம் ஏறக்குறைய 20 பிபிஎம் செலவாகும். கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருப்பதால்தான் இரண்டையும் சேர்த்து ஈடுகட்ட முடிகிறது.

உப்பையும் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு 35 சரியாகக் காட்டும் என்று நம்புகிறவர்கள் நிறைய. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சரிபார்ப்புக் கரைசல் வாங்கி அதில் சரிபாருங்கள். அப்புறம் அக்ரோபோராவின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன வட்டமாகக் கடித்த தழும்பு இருந்தால் அது தட்டைப்புழு. அதன் முட்டை எந்த டிப்புக்கும் (பவளத்தை முக்கியெடுக்கும் மருந்துக் கரைசல்) சாகாது. அடிக்கல்லை மாற்றி, வாரம் ஒருமுறை வீதம் பல வாரம் டிப் செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் கிளையின் ஆரோக்கியமான நுனியை இன்றே வெட்டி வேறு கல்லில் ஒட்டிவிடுங்கள். தாய் போனாலும் பிள்ளை மிஞ்சும்.

கேள்வி (கிள்ளான்): எல்லா டெஸ்ட்டும் நார்மல்தான், ஆனால் டார்ச் பவளம் திறக்கவில்லை.

நார்மல் என்பது எண் இல்லை. எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். அவ்வளவு சுத்தம். ஆனாலும் ஸோவா (பூப்போல விரியும் சின்னப் பவளம்) வெளிறுகிறது, மணலில் பழுப்பாகச் சளி மாதிரி, மேலே குமிழி.

அவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான். இரண்டும் பூஜ்யமானால் பவளமும் பட்டினி, நல்ல பாசியும் பட்டினி. காலியான இடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் சளி பெரும்பாலும் அதுதான். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை எடுத்துவிடுங்கள், தீனியைக் கூட்டுங்கள், சில வாரம் தண்ணீர் மாற்றாதீர்கள். நைட்ரேட் 5 அளவுக்கும் பாஸ்பேட் 0.05 பக்கத்துக்கும் மெல்ல வரட்டும். ஆல்க்கை 8க்கு மேல் விடாதீர்கள். பட்டினியாகக் கிடக்கும் பவளத்துக்கு ஆல்க் கூடினால் நுனி கருகும். பூஜ்யத்தை விரட்டிப் பிடிப்பதை நிறுத்துங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

கேள்வி (துபாய்): பவளம் கலர் ஏற எந்த பாட்டில் நல்லது?

உட்லண்ட்ஸ் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): கடையில் கல் விலை அதிகம். அடுத்த வாரம் ராமேஸ்வரம் போகிறேன். கரையில் ஒதுங்கிய பவளக்கல் பத்துப் பதினைந்து எடுத்து வரலாமா? தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் அதில் இயற்கையாகவே இருக்குமே.

வேண்டாம். எடுக்காதீர்கள். கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளது, செத்தது என்ற பேதம் கிடையாது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

மதுரை: செத்த கல்தானே அக்கா? கோயில் பக்கத்துக் கடையில் சங்கோடு சேர்த்து விற்றதை நானே பார்த்தேன்.

விற்பதால் சட்டம் மாறாது. செத்த கல் என்று யார் சொன்னது? அடுத்த தலைமுறைப் பவளக் குஞ்சு கடலில் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ள அந்தக் கல்தான் இடம். எங்கள் ஊரில் பவளத் திட்டை 'பார்' என்போம். சிறுவயதில், வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் வந்து கரையில் இறங்குவதைப் பார்த்தவள் நான். சுண்ணாம்புக்குப் போனது, ஆலைக்குப் போனது. ஆளுக்குக் கொஞ்சம்தானே என்றுதான் எல்லாரும் எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்த பாரை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கேள்வி (கோவை): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சிங்கப்பூரில் இந்தோனேசியக் கடலின் பவளத்தைக் காசு கொடுத்து வாங்கி வைக்கலாம், நாங்கள் சொந்தக் கடலின் உடைந்த கல்லைத் தொடக் கூடாதா? இது என்ன நியாயம்?

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். இங்கே வருகிற கல் பவளம், அரிய உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவதால் அனுமதிக் காகிதத்தோடுதான் வர வேண்டும். ஆனால் காகிதம் இருப்பதாலேயே கடலுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப வருடங்களில் கடலில் உடைத்து எடுத்த பெரிய காலனிகளை நானும் வாங்கியிருக்கிறேன். அதில் பாதி என் கையில் செத்தது. 2018இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே எல்லாரும் புலம்பினோம். அந்த மாதங்களில்தான் ஒருவர் தொட்டியில் வளர்ந்ததை வெட்டி இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்குள் வலுத்தது. அதன்பிறகு தொட்டியில் வளர்ந்த ஃப்ராக் (வெட்டிய துண்டு) தவிர வேறு எதையும் நான் வாங்கவில்லை. அவை தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை என்பதால் நன்றாகவும் பிழைக்கின்றன.

கோவை: சரி, ஏற்கிறேன். அப்போது இந்தியாவில் இருப்பவன் என்னதான் செய்வது?

செராமிக் கல், சிமென்டில் வார்த்த கல் இரண்டும் கிடைக்கின்றன. சிமென்ட் கல் என்றால் பல வாரம் நன்னீரில் ஊறவைத்து, பிஎச் இறங்கியபின் போடுங்கள். நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையம் வாங்கினால் பாக்டீரியா அதோடு வந்துவிடும். உயிர்களில் ஸோவா, காளான், லெதர் மூன்றும் கல் பவளம் அல்ல. அவற்றையும் இறக்குமதிக் காகிதம் காட்டுகிற கடையில் மட்டும் வாங்குங்கள். அந்த மூன்றை வைத்தே கண்ணை எடுக்க முடியாத தொட்டி அமைக்கலாம், நான் பார்த்திருக்கிறேன். மதுரைத் தம்பி, ராமேஸ்வரம் போய் வாருங்கள், கல் மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி (ஜொகூர்): ஸோவா ஒரு கல்லில் மட்டும் மூடியே இருக்கிறது. கல்லை எடுத்துக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து திரும்பப் போடலாமா?

கூடவே கூடாது. ஸோவா, பேலிதோவா இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கல்லைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்து, வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், காய்ந்த கல்லை பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டாதீர்கள். வெட்டும்போது கண்ணில் தெறிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். யார் என்ன கேட்டாலும் இதை ஒருமுறை சொல்லாமல் நான் முடிப்பதில்லை.

மூடியிருப்பதற்கு: ஸோவா நிறத்திலேயே உடம்பு வைத்த சின்ன ஓடில்லா நத்தை இருக்கிறதா என்று இடுக்குகளில் பாருங்கள். நூடிபிராங்க் என்பார்கள். கல்லின் அடியில் முட்டைச் சுருள் தெரியும். இருந்தால் கையுறையோடு எடுத்து, டிப் செய்து, தனித் தொட்டியில் வையுங்கள்.

கேள்வி (ஷா ஆலம்): எல்பிஎஸ் (பெரிய பாலிப் கொண்ட கல் பவளம்) வாடுகிறது. அமினோ பாட்டிலா, அயோடின் பாட்டிலா?

இது மூன்றாவது பாட்டில். அளக்காத எதையும் ஊற்றாதீர்கள். அவ்வளவுதான்.

கேள்வி (டொராண்டோ): குளிர்காலம் வந்தால் எஸ்பிஎஸ் (அக்ரோபோரா மாதிரி சிறிய பாலிப் கொண்ட கல் பவளம்) மட்டும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மற்றவை நன்றாக இருக்கின்றன. பிஎச் 7.7.

ஜன்னல் எல்லாம் மூடியிருப்பதால் வீட்டுக் காற்றில் கரியமில வாயு ஏறி, ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) வழியாகத் தண்ணீரில் கரைகிறது. பிஎச் இறங்கினால் கல் கட்டுவது கடினம், அதை முதலில் உணர்வது எஸ்பிஎஸ். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

கேள்வி (தெமர்லோ): கிளவுன் மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி…

மன்னிக்கவும், மீன் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: காப்பர் மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் மறுபடியும்: அக்கா, நேற்று இரவு பத்தரைக்கு சிவப்பு டார்ச் அடித்தேன். கேலக்ஸியா எட்டவில்லை. ஆனால் வலது ஹாமர் அடியில் ரோமக் காலோடு ஒரு நண்டு, நகத்தில் எதையோ பிய்த்துத் தின்கிறது. அதுதான் குற்றவாளியா?

இருக்கலாம். வாடிய சதையைத் தின்ன வந்ததா, அது தின்றதால் வாடியதா என்று இன்னும் தெரியாது. எப்படியானாலும் ரோமக்கால் நண்டு அங்கே வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் சின்ன இறால் துண்டு போட்டு, வாய் கல்லில் படும்படி சாய்த்து வையுங்கள். உள்ளே இறங்கும், வழுக்கி ஏற முடியாது. பிடித்து சம்ப்பில் (துணைத் தொட்டியில்) விடுங்கள், கொல்ல வேண்டாம். விளக்கையும் ஓட்டத்தையும் இப்போது தொடாதீர்கள். நண்டு போனபின் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.