ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? மோட்டரை வாங்குமுன் கேளுங்கள்

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் 20 வருடத்துக்கு மேலாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். ஃபேன் சுற்றவில்லை என்று வருபவர்கள் பலர் கையில் புது மோட்டரோடுதான் வருகிறார்கள். திறந்து பார்த்தால் பழைய மோட்டர் நன்றாகவே இருக்கும். வீணாகப் போன அந்தக் காசை நினைத்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி): காலி வீதியில் டிராஃபிக்கில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. ஃபேன்தானா அண்ணா?

பெரும்பாலும் ஃபேன்தான் தம்பி. ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்த்திவிடும், நின்றால் ஃபேனைத் தவிர வேறு துணை இல்லை. அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது சூடேறினால் கதை வேறு. அப்போது ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), வாட்டர் பம்ப் பக்கம் பாருங்கள்.

முதலில் எஞ்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். அநேகமான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டர் நல்லது, பழுது சூட்டை அறியும் சென்சர் பக்கம். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட்டைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்), வயர், மோட்டர். இந்த ஒரு சுவிட்சிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும். இரண்டு ஃபேன் உள்ள கார் என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (வெள்ளவத்தை): ஏசி போட்டாலும் சுற்றவில்லை. ஃபியூஸ் சரியாக இருக்கிறது. இனி மோட்டரை மாற்றலாமா?

பொறுங்கள் அக்கா. மோட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று இன்னும் பார்க்கவில்லையே. மோட்டர் பிளக்கைக் கழற்றி, காரிலிருந்து வரும் பக்கத்தின் இரண்டு பின்னுக்கும் குறுக்கே ஒரு 21 வாட் சிக்னல் பல்பைப் பிடித்து, ஏசியைப் போடச் சொல்லுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால்தான் மோட்டர் மேல் சந்தேகம். அதையும் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் நேராகக் கொடுத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். (இரண்டு வயர் மோட்டருக்குத்தான் இது. மூன்று நான்கு வயரோடு கன்ட்ரோல் மொட்யூல் உள்ள புதுக் கார்களில் கை வைக்காதீர்கள்.)

மீட்டர் இருக்கப் பல்ப் எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் கடலோர மரைன் டிரைவ் பக்கம் எப்போதும் நிறுத்தும் ஒரு கார் வந்தது. மீட்டர் 12.3 வோல்ட் காட்டியது. பல்பைப் பிடித்தால் அணையப்போகும் கரி மாதிரி மங்கலாகச் சிவந்தது. பிளக் வெளியில் புதிதுபோல இருந்தது. உள்ளே ஒரு பின்னில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது, அடுத்ததைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. உப்புக் காற்றின் வேலை. கரண்ட் இழுக்காதவரை மீட்டருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், மோட்டர் 10 அம்பியர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இரண்டு டெர்மினலும் ஒரு சாண் வயரும் மாற்றினேன். வாங்கி வந்த மோட்டரை அவர் டிக்கியில் வைத்துக்கொண்டு போனார்.

பல்ப் எரியவே இல்லையென்றால் ரிலேக்குப் போங்கள். பக்கத்தில் அதே நம்பருள்ள ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம், ரிலேயின் அடியில் 30, 87 என்று எழுதியிருந்தால், சொக்கட்டில் அந்த இரண்டையும் ஃபியூஸ் வைத்த வயரால் தொடுத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டருக்குப் போகும் பாதை முழுக்க நல்லது, குற்றம் ரிலேயிலோ அதை இயக்கும் பக்கத்திலோ.

கேள்வி (வத்தளை): ஃபேனைத் தட்டினால் சுற்றுகிறது.

பெரும்பாலும் மோட்டருக்குள் கரண்ட்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இதற்கு மோட்டர் பார்க்கலாம். தட்டித் தட்டி ஓட்டாதீர்கள், ஒருநாள் நடு வீதியில் நின்றுவிடும்.

கேள்வி (தெமட்டகொட): ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை. சென்சரை எப்படிப் பார்ப்பது?

ரேடியேட்டரில் சுவிட்ச் உள்ள பழைய கார்களில் இரண்டு விதம் உண்டு. பழைய டொயோட்டா பலவற்றில் சுவிட்ச் பிளக்கைக் கழற்றினாலே ஃபேன் சுற்றும். மற்ற பல கார்களில் பிளக்கின் இரண்டு வயரையும் தொடுத்தால் சுற்றும். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் கார்களில் சென்சரைக் கழற்றினால் பலவற்றில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். ஸ்கேனர் போட்டால் எத்தனை டிகிரி என்று நேரே தெரியும். பொதுவாக 90ஐத் தாண்டிச் சில டிகிரியில் ஃபேன் எடுக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். முள் மேலே போகிறது, ஆனால் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் குளிராகவே இருக்கிறது என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கே வராதபோது அங்கிருக்கும் சுவிட்ச் எப்படி ஃபேனைப் போடும்? ஃபேன் மேல் பழி போடக் கூடாது.

கேள்வி (கிராண்ட்பாஸ்): கராஜில் ஃபேனை டைரக்ட் (சாவி போட்டாலே எப்போதும் சுற்றும்படி) பண்ணித் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் ஐயா. கண்டியிலிருந்து வீடு வந்துசேர ஒருநாள் செய்தால் பரவாயில்லை, அதுவும் ரிலேயும் ஃபியூஸும் போட்டு. சாவி சுவிட்சிலிருந்து நேராக எடுத்த வயர் உருகிப் புகைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கேள்வி (மருதானை): வழியில் சூடேறினால் மூடியைத் திறந்து தண்ணீர் விடலாமா?

கூடவே கூடாது. அழுத்தத்துக்குள் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போட்டு, கண்ணாடியைத் திறந்துவிடுங்கள். சிவப்பு லைட் வந்துவிட்டால் ஓரங்கட்டி எஞ்ஜினை அணையுங்கள். மேல்குழாய் ஆறி, கையால் அமுக்கினால் அமுங்கும்வரை மூடியைத் தொட வேண்டாம். எஞ்ஜின் அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று எடுக்கலாம், விரலைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (மொரட்டுவை): பஞ்சிகாவத்தையில் பாவித்த மோட்டர் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

கடையிலேயே பேட்டரி வைத்துச் சுற்றவிடச் சொல்லுங்கள். சத்தம் கேளுங்கள், தண்டை ஆட்டிப் பாருங்கள், இறக்கையில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவுங்கள். பிளக் வேறாக இருந்து வயரை வெட்டி இணைத்தால் பிளஸ் மைனஸ் மாறிவிடும் ஆபத்து உண்டு. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் காரில், பூட்டி முடித்ததும் முன் கிரில்லில் ஒரு கடதாசியை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து விழுந்தால் வயரை மாற்றிப் பூட்டுங்கள்.