கார்பரேட்டர் கிட் வாங்குததுக்கு முன்னால பாடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க

பாளையங்கோட்டையில இருந்து ஒரு தம்பி: தாத்தாவோட பிரீமியர் பத்மினி கார் 12 வருஷமா ஷெட்லயே கெடக்கு. கார்பரேட்டரை ரிப்பேர் பண்ண கடையில "பத்மினி கிட்"னு (பேக்கிங், சீல் எல்லாம் வார செட்டு) கேட்டு வாங்குனேன், பேக்கிங் ஓட்டை கூட சேரமாட்டேங்கு. பேசாம வேற கார்பரேட்டர் மாட்டிரவா?

மாட்டாதீங்க தம்பி, அந்த பழசை தூரவும் போட்டுராதீங்க. கார்பரேட்டர்னா பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புத பாகம், பத்மினிக்கு வந்தது சோலெக்ஸ் 32 பிபிஐசிங்கத மாடல், ஆனா இத்தனை வருஷத்துல எத்தனை கை மாறியிருக்கும், மைலேஜுக்குன்னு யாரு எதைத் தூக்கி மாட்டுனாங்களோ தெரியாதுல்லா, அதனால கார் பேரைச் சொல்லி கிட் கேக்கவே கூடாது. மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டு பாடியை நல்லா கழுவுங்க, வார்ப்புலயே கம்பெனி பேரும் மாடலும் இருக்கும். 32ங்கது கீழ பட்டர்ஃப்ளை (ஆக்சிலேட்டரை மிதிச்சா திறக்குத தகடு) இருக்க வாயோட விட்டம், மில்லிமீட்டர் கணக்கு, வெர்னியர் வச்சு ஒருதடவை அளந்துக்கிடுங்க. ஜெட் (பெட்ரோல் அளவா போவுத ஓட்டை உள்ள சின்ன திருகு) தலையிலயும் நம்பர் அடிச்சிருப்பான், 120ன்னு இருந்தா ஓட்டை 1.20 மில்லிமீட்டர். கழட்டக் கழட்ட எல்லா நம்பரையும் நோட்டுல எழுதி, போன்ல போட்டோவும் எடுத்துட்டு, அந்த பழைய பேக்கிங்கையும் கையில கொண்டுபோய் கிட் கேளுங்க.

இன்னொரு விஷயம், இதை நெறைய மெக்கானிக்கே கவனிக்க மாட்டாங்க. இந்த சோலெக்ஸ்ல சோக்குன்னு நாம இழுக்கது காத்தை மூடுத தகடு இல்ல, பக்கவாட்டுல ஒரு வட்டத் தகடு திரும்பி தனியா ஒரு பெட்ரோல் பாதையைத் திறக்கும். கேபிளை உள்ள தள்ளுன பிறகும் அந்தத் தகடு முழுசா திரும்பி மூடலைன்னா வண்டி கரும்புகையா தள்ளும், பெட்ரோல் குடிக்கும், நாம ஜெட்டு மேல பழியைப் போட்டுட்டு அலைவோம். அதைக் கழட்டி முகத்தை சுத்தம் பண்ணி, கேபிள் நீளத்தையும் சரி பாருங்க.

ஜெட் அடைச்சிருக்கு, செம்புக் கம்பி விட்டு குத்தலாமா?

வேண்டாம். ஜெட் பித்தளை, லேசா உரசினாலே ஓட்டை பெருசாயிரும், நம்பர் 120ன்னே இருக்கும் ஆனா அது 120 இல்ல. கிளீனர்ல ஊறவச்சு காத்தடிங்க, அப்பவும் போகலைன்னா மெல்லிசு தூண்டில் நரம்பை விட்டு எடுங்க.

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அண்ணாச்சி: மோரிஸ் மைனர் கார் வச்சிருக்கேன், எஸ்யூ கம்பெனி கார்பரேட்டர். அடியில பெட்ரோல் சொட்டுது, பிக்கப்பும் எடுக்கும்போது திணறுது.

அண்ணாச்சி, முதல்ல அது ஹெச்2வா ஹெச்எஸ்2வான்னு பாக்கணும். ரெண்டுக்கும் வாய் ஒன்னேகால் இஞ்ச்தான் (அந்த 2ங்கது ஒரு இஞ்சுக்கு மேல எட்டுல ரெண்டு பங்குன்னு கணக்கு). ஃப்ளோட் சேம்பர்ல (பெட்ரோல் தேங்குத கிண்ணம்) இருந்து ஜெட்டுக்கு அடியில நைலான் குழாய் ஒன்னு போனா அது ஹெச்எஸ்2. குழாயே இல்லைன்னா ஹெச்2, 948 சிசி வண்டின்னா பெரும்பாலும் இதுதான். ஹெச்2ல ஜெட்டைச் சுத்தி கார்க் சீல் இருக்கு, வண்டி நின்னே கெடந்தா அது காஞ்சு சுருங்கி சொட்டத்தான் செய்யும். புதுசு போடும்போது எஞ்சின் ஆயில்ல ஊறவச்சுப் போடுங்க. ஃப்ளோட் மூடி திருகுல ஒரு சின்ன பித்தளைத் தகடு தொங்குச்சுன்னா அதைத் தொலைச்சிராதீங்க, சரியான ஊசி (பிஸ்டன் அடியில இருந்து ஜெட்டுக்குள்ள இறங்குதது) எதுன்னு அந்த நம்பரை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

திணறலுக்கு மேல இருக்க டேம்பர் (பிஸ்டன் சட்டுன்னு ஏறாம தடுக்குத ஆயில் பாகம்) மூடியைக் கழட்டிப் பாருங்க, ஆயில் வத்தியிருக்கும். 20 கிரேடு எஞ்சின் ஆயில் ஊத்தி மூடியை மெல்ல இறக்கும்போது, புரி தொடுததுக்கு கால் இஞ்ச் முன்னாடியே கைக்கு ஒரு தடை தெரியணும். அப்புறம் பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க, கீழ விழும்போது டொக்குன்னு சத்தம் கேக்கணும், கேக்கலைன்னா ஜெட் நடுவுல உக்காரல. பிஸ்டனும் அந்த மூடிக் கூடும் ஜோடியா கடைஞ்சது, இன்னொரு கார்பரேட்டரோடத மாத்திப் போடக்கூடாது, பளபளப்புக்குன்னு உப்புத்தாளும் போடாதீங்க. எனக்கு இந்த எஸ்யூ மேல தனிப் பிரியம் உண்டு, இவ்வளவு கம்மி பாகத்துல இவ்வளவு ஒழுங்கா ஓடுத கார்பரேட்டர் வேற பாக்கல.

முழு கிட்டும் போட்டாச்சு, ஆனாலும் ஐட்லிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காம எஞ்சின் ஓடுத வேகம்) நிக்கல, ஒருதடவை ஏறுது ஒருதடவை எறங்குது. (ரெண்டு மூணு பேரு கேட்டிருக்காங்க)

கிட்ல வராத பாகம்தான் இங்க கோளாறு. பட்டர்ஃப்ளை மாட்டியிருக்க தண்டு, அதான் ஸ்பிண்டில், அதைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு இருந்தா அது வழியா காத்து இழுக்குது. வண்டி ஓடும்போது ஸ்பிண்டில் ரெண்டு முனையிலயும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்க, ஐட்லிங் சட்டுன்னு மாறுச்சுன்னா அதேதான், எத்தனை கிட் போட்டாலும் நிக்காது. நல்ல லேத்துக்காரர்ட்ட கொடுத்து பித்தளை புஷ் அடிச்சு புது ஸ்பிண்டில் போடணும். பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ முனையை திரும்பவும் தட்டி விரிச்சு விடச் சொல்லுங்க, இல்லேன்னா கழண்டு நேரா எஞ்சினுக்குள்ள போயிரும்.

எஞ்சின் மேல உக்காருத அடிப்பக்க ஃப்ளாஞ்சையும் (தட்டை விளிம்பு) ஒரு கண்ணாடித் துண்டு மேல வச்சுப் பாருங்க, நட்டை இறுக்கி இறுக்கி அது வளைஞ்சு போயிருக்கும். பித்தளை ஃப்ளோட்னா கொதிக்கிற தண்ணியில அமுக்குங்க, குமிழி வந்தா ஓட்டை. கடைசியா, சோலெக்ஸ்னா மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ள விட்டு, முட்டுனதும் ஒன்றரை சுத்து வெளிய எடுத்து, எஞ்சின் சூடானப்புறம் அங்கிருந்து காது வச்சு செட் பண்ணுங்க.

தென்காசியில இருந்து: இப்ப வாற 20 சதவீத எத்தனால் பெட்ரோலு நம்ம பழைய வண்டிக்கு ஆவுமா?

ஓடும், ஆனா கவனம் வேணும். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதனால பழைய ஜெட்லயே ஓட்டுனா மிக்சர் காஞ்சு போவும் (பெட்ரோல் பங்கு கொறைஞ்சிரும்), பிளக் வெள்ளையா வரும், சூடு ஏறும். சோலெக்ஸ்னா மெயின் ஜெட்டை 5 நம்பர் கூட்டிப் பாத்து பிளக் கலரைப் பாருங்க. பழைய ரப்பர் ஹோஸு, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (சவ்வு) எல்லாம் எத்தனால் தாங்குததா மாத்திருங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்கன்னா ஃப்ளோட் சேம்பரைக் காலி பண்ணிட்டு நிறுத்துங்க, இல்லேன்னா உள்ள வெள்ளைப் பொடி பூத்து ஜெட்டெல்லாம் அடைஞ்சு கெடக்கும்.

மாஞ்சோலை ஏறும்போது மட்டும் கரும்புகை, கீழ வந்தா சரியாயிருது.

ஆயிரம் மீட்டருக்கு மேல காத்து மெல்லிசு, மிக்சர்ல பெட்ரோல் பங்கு தானா கூடத்தான் செய்யும். கார்பரேட்டர்ல கை வைக்காதீங்க, சோக் முழுசா உள்ள போயிருக்கா, ஏர் கிளீனர் சுத்தமா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு ஏறுங்க. திசையன்விளை பக்கம் தேரி மண்ணுல ஓட்டுதவங்க அந்த ஏர் கிளீனரை வாரம் ஒருக்கா கழட்டித் தட்டணும்.