உயரம் என்றால் பயம், ஆனாலும் வாட்ஸ்மான் முகட்டைக் கடக்க ஆசை: போகலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: மியூனிக்கில் இருக்கிறீர்கள், வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியிருக்கிறீர்கள், கால் பலத்தில் சந்தேகம் இல்லை, ஆனால் விளிம்பில் நின்றால் பயம் வருகிறது, வருகிற ஆகஸ்டில் நண்பர்களோடு வாட்ஸ்மானின் மூன்று சிகரங்களையும் ஒரே மூச்சில் கடக்க முடியுமா?

இந்த ஆகஸ்டில் வேண்டாம். அடுத்த வருஷம் தாராளமாகப் போகலாம், அதற்குள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நான் முதல் தடவை பாதியில் திரும்பி, மறு வருஷம் போய் முடித்தேன். அந்த இரண்டு தடவையையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

இடம் தெரியாதவர்களுக்காக: வாட்ஸ்மான் ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், பெர்க்டெஸ்காடன் ஊருக்கு மேலே நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலை. வடக்கிலிருந்து தெற்காக ஹோகெக் (2651 மீட்டர்), நடுச் சிகரம் (2713), தென் சிகரம் (2712) என்று மூன்று உச்சிகள், மூன்றையும் இணைத்து ஒரு ஒடுங்கிய முகடு. கிழக்கே எட்டிப் பார்த்தால் கோனிக்ஸே ஏரி கிட்டத்தட்ட 2100 மீட்டர் கீழே பச்சையாகக் கிடக்கும். அந்தப் பக்கச் சுவர் 1800 மீட்டர் உயரம், கிழக்கு ஆல்ப்ஸிலேயே உயரமான பாறைச் சுவர் என்பார்கள். மேற்கே விம்பாக் பள்ளத்தாக்கு, வெள்ளை வெளேரென்று சரளைக்கல் ஆறு மாதிரி.

வெள்ளியங்கிரி ஏறியது உங்களுக்கு நிச்சயம் உதவும். இரவில் ஏறி இறங்கிய முழங்கால் சும்மா போகாது. ஆனால் அங்கே களைத்தால் உட்காரலாம், கூட்டத்தில் யாராவது மூங்கில் தடியை நீட்டுவார்கள், வேண்டாமென்று தோன்றினால் வந்த வழியே திரும்பலாம். வாட்ஸ்மான் முகட்டில் ஹோகெக்கைத் தாண்டிவிட்டால் நடுவில் இறங்கும் வழி கிடையாது. முன்னால் தென் சிகரம், இல்லையென்றால் வந்த முகட்டிலேயே பின்னால். மூன்று நான்கு மணி நேரம் இந்த நிலைமைதான்.

இனி பயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தான் பெரிய தடை என்று நினைக்கிறீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை வாட்ஸ்மான்ஹவுஸ் விடுதியில் (1930 மீட்டரில் இருக்கிறது, 1888-ல் திறந்தது) இரவு தங்கி, விடியும் முன் கிளம்பி, ஏழரை மணிக்கு ஹோகெக்கில் இருந்தேன். அங்கே சின்னதாக ஒரு மர ஒதுங்கு குடில் இருக்கிறது. அதற்கு அப்பால் முகடு சட்டென்று ஒடுங்கிக் கீழே இறங்குகிறது, பாறையில் இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள். வடத்தைப் பிடித்து நாலு அடி வைத்தேன், தொடை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கூட வந்தவர் என் அலுவலகத்தில் வேலை செய்பவர், ஐம்பதைத் தாண்டிய பவேரியப் பெண்மணி, சின்ன வயதிலிருந்தே இந்த மலைகளில் நடந்தவர். அவர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தார், இருவரும் திரும்பிவிட்டோம். பதினொரு மணிக்கெல்லாம் மேகம் முகட்டை மூடியது, மதியம் இடி. அன்று நான் எதையும் கற்றுக்கொண்டதாக நினைக்கவில்லை, வெறும் வருத்தம்தான். இப்போது யோசித்தால் அந்த நாள் என் பயம் சரியாக வேலை செய்த நாள்.

மறு வருஷம் ஜூனிலிருந்து தயாரானேன். கார்மிஷ் பக்கம் ஆல்ப்ஷ்பிட்ஸ மலையில் இரும்புப்படியும் வடமும் போட்ட பாதை ஒன்று இருக்கிறது, சுலபமானது, கேபிள் காரில் போய் இறங்கினால் பாதை பக்கத்திலேயே தொடங்கும். அதில் மூன்று முறை ஏறினேன். முதல் முறை வடத்தை இறுக்கிப் பிடித்துக் கை வீங்கிவிட்டது. மூன்றாம் முறை கையால் சமநிலை மட்டும் பார்த்துக்கொண்டு காலால் ஏறினேன். இந்த மாற்றம்தான் முக்கியம், இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, உடம்புக்குப் பழக வேண்டும். அப்புறம் இரண்டு கை இரண்டு காலில் எப்போதும் மூன்று பாறையில் இருக்கட்டும், ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். காட்சி பார்க்க வேண்டுமா, நின்று பாருங்கள். நடந்துகொண்டே பார்க்காதீர்கள்.

வாட்ஸ்மான் முகட்டில் வடம் முழு நீளத்துக்கும் கிடையாது என்பதைப் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். கடினமான சில இடங்களில் மட்டும் வடமும் இரும்பு ஆணிகளும் உண்டு. மற்ற இடங்களில் கையை ஊன்றி ஏறி இறங்க வேண்டிய வெறும் பாறை, ஏறும் தரத்தில் ஒன்று, சில இடங்களில் இரண்டு (எண் கூடக் கூடக் கடினம்). பாறை ஏறுபவர்களுக்கு அது படிக்கட்டு மாதிரி. ஆனால் ஒரு பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் பள்ளம், உங்களைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஹெல்மெட், இடுப்பில் கட்டும் ஹார்னஸ், அதை வடத்தோடு இணைத்து விழுந்தால் அதிர்ச்சியை உறிஞ்சும் பட்டை எல்லாம் கொண்டு போங்கள் (பட்டை 40 முதல் 120 கிலோ எடை வரையுள்ளவர்களுக்கானது, முதுகுப்பையோடு சேர்த்துப் பாருங்கள்). ஆனால் வடம் இல்லாத இடத்தில் அந்தப் பட்டை எதிலும் மாட்டாது. பெரும்பாலான தூரத்துக்கு உங்கள் பாதம்தான் பாதுகாப்பு.

இந்த முகட்டில் 1800-ல் ஹோகெக்கிலிருந்து நடுச் சிகரத்துக்கு வாலன்டின் ஸ்டானிச் என்பவர் தனியாகப் போயிருக்கிறார். ஒரு ஆணிகூட அடிக்காத பாறையில்! மூன்று சிகரங்களையும் முதலில் சேர்த்துக் கடந்தவர்கள் 1868-ல் ராம்ஸாவைச் சேர்ந்த யோஹான் கிரில், யோஹான் புன்ஸ் இருவரும். அதே கிரில்தான் 1881-ல் ஓட்டோ ஷ்யுக்கோடு அந்தக் கிழக்குச் சுவரிலும் முதன்முதலாக ஏறினார். நடுச் சிகரத்தில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இப்போது எழுதும்போதும்தான்.

இரண்டாவது தடவை அதே நடுக்கம் அதே இடத்தில் வந்தது. ஆனால் பத்து நிமிஷத்தில் அடங்கியது. நடுச் சிகரத்துக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து தென் சிகரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஏற்றம், இறக்கம், ஒரு அடி அகலத் திட்டில் பக்கவாட்டு நடை, மறுபடி ஏற்றம். இதோ வந்துவிட்டது என்று நினைக்கும் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் இன்னொரு மேடு. கிழக்கே கீழே சின்ன வாட்ஸ்மானும், இரண்டுக்கும் நடுவே "வாட்ஸ்மான் குழந்தைகள்" என்று அவர்கள் சொல்லும் கூர்முனைகளும் தெரியும். கொடுங்கோல் அரசன் ஒருவன் குடும்பத்தோடு கல்லாகிப்போனான் என்பது அந்த ஊர்க் கதை. பதினொன்றரைக்குத் தென் சிகரத்தில் உட்கார்ந்து பிரெட்டைச் சாப்பிட்டோம். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான் நடந்தது. தென் சிகரத்திலிருந்து விம்பாக்கிரீஸ் விடுதிக்கு (1327 மீட்டர்) இறக்கம் கிட்டத்தட்ட 1400 மீட்டர். செங்குத்தான பாறை, அதன் மேல் உருளும் சரளை, சிவப்புக் குறியைத் தேடித் தேடி இறங்க வேண்டும், குறியை விட்டுவிட்டால் பாறை முடிந்து வெறும் பள்ளம் வரும் இடங்களும் உண்டு. அப்போது மணி ஒன்று, எட்டு மணி நேரமாக நடக்கிறோம், தண்ணீர் அரை லிட்டர்தான் மிச்சம், எனக்குப் பயம் சுத்தமாகப் போயிருந்தது. முகட்டில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தவள் இங்கே பேசிக்கொண்டே இறங்கினேன். சாய்ந்த பாறை மேல் கிடந்த சரளையில் குதிகால் வழுக்கி, இரண்டு ஆள் நீளம் சறுக்கிப் போய், ஒரு கல்லில் கால் முட்டி நின்றேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கல் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கீழே பார்த்தபோது தெரிந்தது, அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. கூட வந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

அதனால் உங்களிடம் இருக்கும் பயத்தைப் போக்க வழி தேடாதீர்கள். பயம் இருக்கும்வரை கால் கவனமாக இருக்கும். களைப்பில் அது கழன்றுபோகும் நேரத்துக்காகத்தான் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நடந்தபின்னும் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. விம்பாக்கிரீஸிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இன்னும் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது, சுண்ணாம்புப் பாறை, முகட்டில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது. ஜூலைக்கு முன் போகாதீர்கள், பனி மிச்சம் இருக்கும். மதியத்துக்குமேல் இடி வரலாம் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று முகடே வேண்டாம், இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு மின்னலில் நிற்கும் நிலைமை வரக் கூடாது. ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், விடுதிக் கட்டணம் குறையும், மீட்புச் செலவுக்குக் காப்பீடும் சேர்ந்தே வரும். அவசர எண் 112. சிக்னல் இல்லையென்றால் நிமிஷத்துக்கு ஆறு முறை விசிலோ டார்ச்சோ, ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிஷத்துக்கு மூன்று முறை வரும். நண்பர்கள் நான்கைந்து பேர் என்றால் அதிலும் யோசியுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும், இரண்டு மூன்று பேர் போதும்.

இந்த ஆகஸ்டுக்கு என்ன செய்யலாம் என்றால், விடுதியில் இடம் கிடைத்தால் (வார இறுதிக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே நிரம்பிவிடும்) ஹோகெக் வரை மட்டும் போய்வாருங்கள். விடுதியிலிருந்து இரண்டரை மணி நேரம், அதுவே நல்ல ஏற்றம், அங்கங்கே வடமும் உண்டு. அந்தக் குடிலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, முகட்டில் இறங்கிப் போகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் காலை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஜூன் கடைசி சனிக்கிழமை நான் மறுபடி ஆல்ப்ஷ்பிட்ஸ போகிறேன், பள்ளி நாட்களிலிருந்து பழகிய தோழி ஒருத்தி முதல் தடவையாக வருகிறாள். மியூனிக்கிலிருந்து காலை ரயில். உங்களுக்கும் வரச் சௌகரியம் என்றால் எழுதுங்கள், ஹெல்மெட் ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது.