அப்பா நினைவாக மாத்தியு தீவில் மரம் நடலாமா?

கேள்வி: நாங்கள் நியூசிலாந்தின் வெலிங்டனில் இருக்கிறோம். அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த கோடையில், துறைமுகத்துக்கு நடுவிலுள்ள மாத்தியு–சோம்ஸ் தீவுக்குக் கூட்டிப் போனோம். அவருக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. போன வருஷம் தவறிவிட்டார். அங்கே அவர் நினைவாக ஒரு போஹுட்டுகாவா மரம் நட்டு, வேரடியில் அஸ்தியில் கொஞ்சம் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தொட்டியில் கன்று தயார். படகில் எடுத்துப் போகலாமா? யாரிடம் கேட்க வேண்டும்?

பதில்: கன்றை எடுத்துப் போகாதீர்கள். அஸ்தி விஷயத்தில் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அப்பா பேரில் மரம் வைக்க நல்ல வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கன்று. இங்கே மரத்தைவிடத் தொட்டி மண்தான் பெரிய சிக்கல். வீட்டில் உட்கார்ந்தே சோதித்துப் பார்க்கலாம். தொட்டியை ஒரு பழைய துணியின் மேல் கவிழ்த்து, வேர்க்கட்டியை மெல்ல உதிர்த்துப் பாருங்கள். மண்புழு, நத்தைக் குஞ்சு, மரவட்டை, பேர் தெரியாத நாலு களை விதை எல்லாம் இருக்கும். சில தொட்டிகளில் சின்னச் சின்ன வெள்ளை முட்டைகள் கொத்தாகக் கிடக்கும். அவை அரணை முட்டை என்றால் உடனே இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஏனென்றால் நியூசிலாந்தின் சொந்த அரணைகளில் ஒரே ஒரு இனம் தவிர மற்றதெல்லாம் குட்டி போடுகிறவை. முட்டை இடுவது ஆஸ்திரேலியாவிலிருந்து சரக்கோடு சரக்காக வந்து சேர்ந்த வானவில் அரணை. அது ஊர்விட்டு ஊர் போவதே பெரும்பாலும் இந்த மாதிரித் தொட்டிகளில்தான். போன இடத்தில் வேகமாகப் பெருகி, உள்ளூர் அரணைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

அர்ஜென்டினா எறும்பும் இதே ரகம். அதன் ராணி பறந்து போய்ப் புதுப் புற்று வைப்பதில்லை. கூட்டத்தில் ஒரு பகுதி ராணியோடு பிரிந்து பக்கத்தில் குடியேறும், அவ்வளவுதான். கடல் தாண்ட வேண்டுமென்றால் அதற்கு மனிதன் வேண்டும், மண் வேண்டும். நீங்கள் இரண்டையும் படகில் ஏற்றப் போகிறீர்கள்.

'ஒரு தொட்டிக்கு இவ்வளவு கெடுபிடியா' என்று தோன்றலாம். அந்தத் தீவு எந்த நிலையிலிருந்து மீண்டது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

மொத்தப் பரப்பே ஏறக்குறைய 25 ஹெக்டேர்; நம் கணக்கில் 60 ஏக்கர் சொச்சம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபில் மாத்தியு என்ற பெயரை வைத்தவர் ஆதிக் கடலோடி கூப்பே. சோம்ஸ் என்பது 1839க்குப் பிறகு வந்தது, நிலம் வாங்கிக் குடியேற்றம் நடத்திய நியூசிலாந்து கம்பெனியின் துணை ஆளுநர் ஜோசப் சோம்ஸின் பெயர். 1866ல் கலங்கரை விளக்கம் வந்தது. 1872லிருந்து, கப்பலில் பெரியம்மை மாதிரி நோயோடு வந்தவர்களை ஊருக்குள் விடாமல் இறக்கிவைக்கும் இடமானது. அங்கேயே இறந்தவர்களும் உண்டு, குழந்தைகள் உட்பட. அப்பாவோடு போனபோது அவர்களுக்கான நினைவுக்கல்லைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காலத்துக் கதைகளில் என் மனதைவிட்டுப் போகாதது கிம் லீ என்ற சீனப் பழ வியாபாரியின் கதை. வெலிங்டனில் கடை வைத்திருந்தவர். தொழுநோய் என்று சந்தேகப்பட்டு 1903ல் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் பயப்பட, பக்கத்திலுள்ள மொகொபுனா என்ற பாறைத் திட்டுக்குத் தனியாக அனுப்பினார்கள். சாப்பாடும் தண்ணீரும் படகில் போகும். கடல் கொந்தளித்தால் இரண்டு தீவுக்கும் நடுவே கட்டிய கம்பியில் போகும். 1904ல் அங்கேயே இறந்துபோனார். அவருக்கு வந்தது தொழுநோய்தானா என்பதே இன்றைக்குச் சந்தேகமாகப் பேசப்படுகிறது.

இரண்டு உலகப்போரிலும் 'எதிரி நாட்டவர்' என்று ஜெர்மானியரையும், பின்னால் இத்தாலியரையும் ஜப்பானியரையும் அடைத்துவைத்தார்கள். 1942ல் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காகத் தீவின் உச்சியையே வெட்டிச் சமப்படுத்தினார்கள். சண்டையில் அதைச் சுட வேண்டி வரவே இல்லை. இதற்கிடையே 1890களிலிருந்து வெளிநாட்டுக் கால்நடைகளைத் தனிமைப்படுத்திப் பார்ப்பதும் அங்கேதான் நடந்தது. அந்த நிலையம் மூடப்பட்டது 1995ல். நூறு வருஷம் ஆடுமாடு மேய்ந்தால் என்ன மிஞ்சும்? புல்லும் காற்றும்தான்.

நடவு தொடங்கியது 1981ல், கால்நடை நிலையம் இயங்கிக்கொண்டிருந்தபோதே. 'ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட்' என்ற இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பின் லோயர் ஹட் கிளைத் தொண்டர்கள் கன்றும் மண்வெட்டியுமாகப் படகேறினார்கள். உப்புக் காற்றைத் தாங்கும் டௌபாட்டா, நையோ மாதிரிச் செடிகள் முதலில் மறைப்பாக வளர்ந்தால்தான் மென்மையான மரங்கள் பிழைக்கும். 1980களின் கடைசியில், தீவில் பெருகியிருந்த 'கப்பல் எலி' என்ற எலி இனத்தை முழுக்க ஒழித்தார்கள். என்னைக் கேட்டால் நட்ட மரங்களைவிடப் பெரிய வேலை இதுதான். எலி இருக்கும் இடத்தில் காடு நிற்கும், ஆனால் உள்ளே உயிர் தங்காது.

எலி போன பிறகுதான் மற்றவை வந்தன: 1996ல் ராட்சத வேட்டாப் பூச்சி, 1998ல் டுவாட்டாரா, 2003–04ல் காக்காரிக்கிக் கிளி, 2006ல் ராபின் பறவை. டுவாட்டாரா பார்க்க ஓணான் மாதிரி இருந்தாலும் பல்லி வகையில்கூடச் சேராத பழைய வம்சம். அதன் முட்டை பொரிக்க ஒரு வருஷம்போல் ஆகும். ஏறக்குறைய அந்த ஒரு வருஷமும் முட்டை மண்ணுக்குள் காவலில்லாமல் கிடக்கிறது. சினை எலி ஒன்று உள்ளே வந்தால் போதும், கணக்கு முடிந்தது. ஒரு காலத்தில் ஊரைக் காப்பாற்ற ஆட்களைத் தீவில் அடைத்தார்கள். இப்போது தீவைக் காப்பாற்ற, வருகிற நம்மை ஒரு அறைக்குள் விட்டுப் பையைத் திறக்கச் சொல்கிறார்கள்.

அடுத்து மரம். சிவப்புப் பூவோடு வெலிங்டன் தெருவெல்லாம் நிற்பதால் போஹுட்டுகாவா அந்த ஊர் மரம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அது வடக்குத் தீவின் மேல்பாதிக் கடற்கரை மரம். வெலிங்டனில் இருப்பதெல்லாம் மனிதர் வைத்தது. வெலிங்டனுக்கே உரிய அதன் உறவு வடக்கு ராட்டா. இரண்டும் பக்கத்தில் இருந்தால் கலப்பினம் உருவாகும். நையோவுக்கு இப்படித்தான் ஆனது: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஆஸ்திரேலிய இனத்தை உள்ளூர் நையோ என்று நினைத்துப் பல இடங்களில் நட்டுவிட்டார்கள், இப்போது எது கலப்பு எது அசல் என்று இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மீட்பு வேலையில் அந்தந்த வட்டாரத்து விதையிலிருந்து வளர்த்த கன்றையே கேட்பது இதனால்தான்.

அஸ்தி பற்றி. தரனாக்கி ஃபானுயி என்ற இந்த வட்டார மாவோரி மக்களோடு ஏற்பட்ட உடன்படிக்கை 2009ல் சட்டமானபோது தீவு அவர்களுக்கே திரும்பிவிட்டது. இப்போது இயற்கைப் பாதுகாப்புத் துறையும் அவர்களும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கிறார்கள். மாவோரி மரபில் இறந்தவரின் எச்சம் 'டாப்பு', அதாவது புனிதமானது, கட்டுப்பாட்டுக்குரியது. மக்கள் நடமாடும், உணவெடுக்கும் நிலத்திலும் நீரிலும் அதைச் சேர்ப்பது அவர்களைப் புண்படுத்தும். ஆற்றில் கரைத்துப் பழகிய நமக்கு இது விளங்கச் சற்று நேரமாகும், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். துறைக்கு எழுதினால் அவர்கள் கைடியாக்கி வாரியத்துக்கு, அதாவது தீவின் காவலர் குழுவுக்கு, அனுப்புவார்கள். எனக்குத் தோன்றுவது, 'வேண்டாம்' என்றே பதில் வரும். செடிக்கும் அது நல்லதில்லை: தகன சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், இளம் வேர் கருகும்.

சரி, என்ன செய்யலாம்? வெலிங்டன் பகுதியில் குளிர்காலத்தில், மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, பொது நடவு நாட்கள் நடக்கும். கன்று அவர்களே தருவார்கள். நகராட்சியில் கேட்டு, முடிந்தால் வடக்கு ராட்டா வைக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அப்பா பார்த்து ரசித்த சிவப்பு அதிலும் உண்டு. தொட்டியிலுள்ள போஹுட்டுகாவா தொட்டியிலேயே, இல்லையென்றால் உங்கள் தோட்டத்திலேயே இருக்கட்டும். தீவுக்கும் ஏதாவது செய்ய ஆசையென்றால், அங்கே களையெடுக்கவும் எலிப்பொறி பார்க்கவும் தொண்டர்கள் தேவையா என்று துறையிடம் கேளுங்கள். படம் எடுத்துப் போட அழகாக இருக்காது, ஆனால் தீவுக்கு அதுதான் உதவி.

திதியன்று அம்மாவைத் தீவுக்குக் கூட்டிப் போவதற்குத் தடையேதும் இல்லை. குவீன்ஸ் வார்ஃபிலிருந்து படகு. முந்தின இரவே செருப்பு, ஷூ அடிப்பகுதியை பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். சாக்ஸிலும் பேண்ட் மடிப்பிலும் ஒட்டுப்புல் விதை இருக்கிறதா பாருங்கள். வாய் திறந்த துணிப்பை வேண்டாம், ஜிப் வைத்த பை வேண்டும். புளியோதரையை மூடி இறுக்கமான டப்பாவில் எடுத்துப் போங்கள். குப்பையை அதே டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.