சபா நிர்வாகமும் புது முறைகளும்: டெல்டா விழாக்குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டார சபாக்களுக்கும் கோயில் விழாக்குழுக்களுக்கும் கணக்கும் நிர்வாகமும் பார்த்துக் கொடுக்கிறேன். புது மென்பொருள், புது அறிக்கை முறை என்று ஏதாவது வந்தால் குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒட்டியே பல கேள்விகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணா, எங்கள் சபா செயலாளர் மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கலைஞர் பெயர், தேதி, சன்மானம் எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் போட்டுக் கொடுத்தோம். அவர் இன்னும் பழைய நோட்டைத்தான் புரட்டுகிறார். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

முதலில் அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள் தம்பி. இப்படி ஒரு நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். பாடகர் பெயருக்கு நேரே தொகை. பக்கத்தில் பென்சிலில்: ‘மேடைக்கு வெந்நீர். சாப்பாடு கச்சேரிக்கு அப்புறம்தான். கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும், 8.30க்கு மங்களம். போன தடவை வயலின்காரரோடு மனஸ்தாபம், சேர்த்துப் போட வேண்டாம்.’ உங்கள் ஷீட்டில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? தன் வேலையில் பாதி அந்த ஷீட்டில் இல்லை என்று மாமாவுக்குத் தெரிகிறது. அதனால்தான் தொடாமல் இருக்கிறார்.

‘குறிப்பு’ என்று அகலமாக ஒரு கட்டம் சேருங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றுங்கள். மனஸ்தாபம் மாதிரி விஷயங்களை ஊரே பார்க்கும்படி வைக்காதீர்கள், செயலாளரும் நீங்களும் மட்டும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். ஒரு விழா முடியும்வரை நோட்டும் ஷீட்டும் சேர்ந்து ஓடட்டும். அதன் பிறகு எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிடுங்கள். காலாகாலத்துக்கும் ரெண்டிலும் எழுதச் சொன்னால் ரெண்டுமே அரைகுறையாகத்தான் கிடக்கும். புது முறைகள் படுத்துவிட்ட இடங்களில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

திருவாரூரிலிருந்து: எதைச் சொன்னாலும் பெரியவர்கள் ‘மரபு கெட்டுவிடும்’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

திருவையாற்றைச் சொல்லுங்கள். தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அப்போது ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நடந்தது, பெண்கள் பாட அங்கே இடமில்லை. அவர் பெண்களைக் கூட்டித் தனியாகவே நடத்தினார். 1940 வாக்கில்தான் எல்லாரும் ஒரே விழாவாகச் சேர்ந்தார்கள். இன்று தியாகராஜர் மறைந்த திதியான பகுள பஞ்சமியன்று எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அவருடைய ஐந்து பெரிய கிருதிகளான பஞ்சரத்தினம் பாடுகிறோமே, அதுவும் இருபதாம் நூற்றாண்டில் வந்த ஏற்பாடுதான். நாம் மரபு என்று கும்பிடுவதில் ஒரு பகுதி, யாரோ துணிந்து செய்த நிர்வாக மாற்றம்.

மயிலாடுதுறையிலிருந்து: நன்கொடை தரும் நிறுவனம் ‘செயல்திறன் குறியீடுகள்’ கேட்கிறது. எங்கள் தலைவருக்குக் கோபம். கலையை எப்படி எண்ணுவது என்கிறார்.

கோபம் நியாயம்தான், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. காப்லான், நார்ட்டன் என்ற மேலாண்மை அறிஞர்கள் இருவரும் 1992இல் கொண்டுவந்த மதிப்பெண் அட்டை முறை லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்காக வந்தது. பணக்கணக்கு மட்டும் போதாது என்பதே அவர்கள் வாதம். நம் மாதிரி அமைப்புகள் அதை எடுக்கும்போது நோக்கத்தை மேலே வைத்து, பணத்தைக் கீழே வைக்க வேண்டும்.

எண்ணுவதையும் நீங்களே தீர்மானியுங்கள். ஆறரை மணிக்கு ஒருமுறை தலை எண்ணி எழுதினால் அது பொய்க்கணக்கு. தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் போன்ற தாளவாத்தியங்கள் தனித்து வாசிக்கும் பகுதி) முடிந்ததும் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் முதல் மேடை ஏறினார்கள், சன்மானம் அன்றைக்கே கைக்குப் போனதா: இவை உங்களுக்கும் உதவும் எண்கள். மெலட்டூர் பாகவத மேளா மாதிரி இரவு நெடுநேரம் போகும் நிகழ்ச்சியில் எந்த நேரத்தில் எண்ணினோம் என்பதையும் எழுதுங்கள். நிறுவனத்துக்கும் இதையே அனுப்புங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஆலோசகர் ஒருவர் செலவைக் குறைக்க நாதஸ்வர மேளத்தில் ஆளைக் குறைக்கச் சொல்கிறார்.

வேண்டாம். பாமோல், போவன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 1966லேயே இதை விளக்கினார்கள்: தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் செய்யும் உற்பத்தி கூடும். நால்வர் வாசிக்கும் இசைக்கு என்றைக்கும் நால்வர் வேண்டும். சம்பளம் மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறும். ஆகவே செலவு ஏறுவதை நிர்வாகக் குறை என்று நினைக்காதீர்கள். பந்தல், ஃப்ளெக்ஸ், ஒலிபெருக்கி வாடகையில் குறைக்கப் பாருங்கள். மின்சாரச் சுருதிப்பெட்டி வந்ததும் பல மேளங்களில் ஒத்து (சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதும் குழல்) ஊதுகிறவர் இல்லாமல் போனார். அன்றைக்கு மிச்சமான கூலி சின்னது. அந்த இடத்தில் உட்கார்ந்து காது பழகும் பிள்ளைக்கு இருந்த வாசல் அடைபட்டது. எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

பாபநாசத்திலிருந்து: டிக்கெட் போட்டால் ஜிஎஸ்டி உண்டா?

ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரை இசை, நாட்டிய, நாடக நுழைவுச்சீட்டுக்கு விலக்கு இருக்கிறது.

நாச்சியார்கோயிலிலிருந்து: கியூஆர் அட்டை வைத்ததும் பழைய உபயதாரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

அட்டை இருக்கட்டும். ஆனால் உபயதாரர் வீட்டுக்கு ரசீதும் பிரசாதமும் ஆள் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். உங்கள் சபாவுக்கு 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வருமானவரிச் சலுகை கிடைக்கச் செய்யும் அங்கீகாரம்) இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் பக்குவமாகச் சொல்லுங்கள், பாதிப் பேர் தாங்களே வங்கிக்கு மாறிவிடுவார்கள்.

கும்பகோணத்திலிருந்து: கச்சேரியை யூடியூபில் நேரலையாகப் போட, கலைஞரிடம் வாய்ச்சொல் போதுமா?

போதாது அக்கா. நிகழ்த்துகிறவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு, பக்கவாத்தியக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். ஒப்பந்தக் கடிதத்திலேயே நேரலை, பதிவு எத்தனை நாள் இருக்கும், வருமானம் வந்தால் யாருக்கு என்று மூன்று வரி எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகள் கிருதிகளுக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை. பாடலாசிரியர் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், அதோடு சட்டம் சொல்லும் 60 வருஷம் கூட்டினால் 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை இருக்கிறது. அவற்றைப் பாடும் நாளில் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.